சிப்பாயின் மனத்தை அறிய எந்தப் போர் நாவலை முதலில் எடுப்பது?

1805 நவம்பரில், நெப்போலியனின் படையோடு ஷோன்கிராபெர்னில் நடந்த சண்டையில், நிக்கலாய் ரஸ்தோவ் என்ற இளம் ரஷ்யக் குதிரைப்படை வீரன் முதன்முறையாகத் தாக்குதலுக்குப் போகிறான். குதிரை குண்டடிபட்டுச் சாய்கிறது. அவனுக்குக் கை பிசகிவிடுகிறது. எதிரிலிருந்து ஓடிவரும் பிரெஞ்சுக்காரர்கள் தன்னைக் கொல்லத்தான் வருகிறார்கள் என்பது முதலில் அவனுக்கு உறைக்கவே இல்லை. எல்லோருக்கும் செல்லப்பிள்ளையான தன்னை எதற்காக ஒருவர் கொல்ல வேண்டும் என்று திகைக்கிறான். பிறகு கைத்துப்பாக்கியைச் சுடக்கூடத் தோன்றாமல் அதை எதிரியின் மேல் வீசிவிட்டுப் புதர்களை நோக்கி ஓடுகிறான். சில நாட்கள் கழித்து நண்பர்கள் கேட்கும்போது, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் ஆரம்பிக்கிறான். ஆனால் தாக்குதல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற சித்திரம் கேட்பவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார்கள். நம்பினாலும் கோளாறு இவனிடம்தான் என்பார்கள். பேசப்பேச, தன்னையறியாமலேயே, புயலாகப் பாய்ந்ததும் வாளைச் சுழற்றியதுமாக வேறொரு கதை அவன் வாயிலிருந்து வந்துவிடுகிறது.

டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ நாவலில் இது இரண்டு பக்கம்கூட வராத காட்சி. சிப்பாயின் மனத்தை அறிய நினைவுக்குறிப்புகளையும் பேட்டிகளையும் விட்டுவிட்டு நாவலுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்பவருக்கு இதைத்தான் காட்டுவேன். போரிலிருந்து திரும்பியவர் பொய்யர் என்று சொல்லவரவில்லை. அவர் சொல்வது எதிரே உட்கார்ந்திருப்பவருக்காக வளைந்துகொடுக்கிறது. தாயிடம் ஒன்று, மேலதிகாரியிடம் ஒன்று, கூட்டாளியிடம் இன்னொன்று. அந்த வளைவையே எழுத நாவலாசிரியரால் முடிகிறது.

கடைக்குப் போனால் போர் நாவல்கள் மலையாகக் கிடக்கின்றன. ஒன்றோ இரண்டோதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் எதை எடுப்பது? கடந்தகாலப் போர்களைப் பற்றிய ஐந்து வரலாற்று நாவல்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் அளவுகோல் ஒன்றுதான்: இந்த நாவலில் சிப்பாய் யாரிடம் பொய் சொல்கிறான், அல்லது எதைச் சொல்ல முடியாமல் திணறுகிறான்? சண்டை வர்ணனை எவ்வளவு சிறப்பு என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

முதலில் மெலிந்த புத்தகம். ஸ்டீபன் கிரேன் எழுதிய ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ 1895இல் வெளிவந்தது. கிரேன் பிறந்தது 1871இல். அமெரிக்க உள்நாட்டுப் போர் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. நாவலை எழுதியபோது அவர் எந்தப் போர்க்களத்தையும் பார்த்ததில்லை. பழைய அதிகாரிகளின் போர் நினைவுகளை ‘செஞ்சுரி’ இதழ் தொடராக வெளியிட்டிருந்தது. அவற்றைப் புரட்டிய கிரேனுக்கு, என்ன செய்தோம் என்று பக்கம் பக்கமாக எழுதும் இவர்கள் என்ன உணர்ந்தோம் என்று ஒரு வரி எழுதவில்லையே என்று எரிச்சல். அந்த எரிச்சலில் பிறந்த நாவல் இது.

ஹென்றி ஃபிளெமிங் என்ற பண்ணைவீட்டுப் பையன் படையில் சேர்கிறான். காவியத்தனமான ஒரு பிரியாவிடையை எதிர்பார்க்கிறான். அம்மாவோ உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டே, காலுறை எட்டு ஜோடி பின்னிவைத்திருப்பதைப் பற்றியும் மூட்டையில் வைத்த பழப்பாகு பற்றியும் பேசுகிறாள். முகாமில் நாட்கள் வீணாகக் கழிகின்றன. சண்டை என்று வந்தால் நான் ஓடிவிடுவேனோ என்ற ஒரே கேள்வி அவனைத் தின்கிறது. வாயைத் திறந்து கேட்கவும் வெட்கம். உயரமான சிப்பாய் ஒருவனிடம் சுற்றிவளைத்துக் கேட்கிறான். எல்லோரும் ஓடினால் நானும் ஓடுவேன், எல்லோரும் நின்றால் நானும் நிற்பேன் என்கிறான் அவன். படை உளவியல் என்ற பெயரில் பின்னால் எழுதப்பட்ட பலவற்றின் சாரம் இந்தப் பதிலில் இருக்கிறது.

ஹென்றி முதல் தாக்குதலில் நிற்கிறான், அடுத்ததில் ஓடுகிறான். ஓடிய பிறகு அவன் மனம் செய்யும் வழக்கறிஞர் வேலைதான் நாவலின் உச்சம். காட்டில் ஓர் அணிலின் மேல் பைன்காயை எறிகிறான், அது ஓடுகிறது; பார், ஆபத்து வந்தால் ஓடுவதுதான் இயற்கையின் சட்டம் என்று தனக்குத் தீர்ப்பு எழுதிக்கொள்கிறான். சற்று நேரத்தில், பின்வாங்கி ஓடும் தன் பக்கத்துச் சிப்பாய் ஒருவனே துப்பாக்கிக் கட்டையால் அவன் மண்டையில் அடித்துவிடுகிறான். அந்தக் காயத்தோடு ரெஜிமென்ட்டுக்குத் திரும்பி, குண்டடி பட்டது என்கிறான். நம்பிவிடுகிறார்கள், கட்டுப்போடுகிறார்கள். மறுநாள் அவன் வீரனாகச் சண்டையிடுவது அந்தப் பொய்யின் மேல் நின்றுகொண்டுதான்.

நம் கலிங்கத்துப்பரணியிலும் ஓடுகிறவர்கள் உண்டு. வில்லின் நாணை மடித்துப் பூணூலாகப் போட்டுக்கொண்டு, கங்கையாடப் போகிற வழியில் அகப்பட்டுக்கொண்டோம் என்பவர்கள். தலைமயிரைப் பறித்துக்கொண்டு சமணர் என்று சொல்லித் தப்புகிறவர்கள். செயங்கொண்டார் அவர்களை வெளியிலிருந்து, வென்றவனின் சிரிப்போடு பார்க்கிறார். கிரேன் ஓடுகிறவனின் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே இந்தச் சிறு நாவலைப் படிக்கலாம். குறை என்றால், உரையாடல் முழுவதும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கிராமப் பேச்சு. ஆங்கிலத்தில் தடுமாறாதவரையே சில இடங்களில் தடுமாறவைக்கும். இரண்டு நாள் சண்டையோடு கதை முடிவதால், போர் நீண்டுகொண்டே போகும்போது ஒரு மனம் எப்படித் தேயும் என்பதற்கும் இதில் இடமில்லை.

தேய்வைப் பார்க்க வேண்டுமானால் ஜெர்மன் எழுத்தாளர் எரிக் மரியா ரெமார்க். ‘ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃபிரன்ட்’ 1929இல் நூலாக வந்தது. கண்டிப்பாகப் பார்த்தால் இது வரலாற்று நாவல் ஆகாது. தான் இருந்த முதல் உலகப் போரைப் பற்றிப் பத்தாண்டுகள் கழித்து எழுதியது. மற்ற நான்கையும் உரசிப்பார்க்கும் கல்லாக இது வேண்டும் என்பதால் சேர்த்திருக்கிறேன். ரெமார்க் 1917 கோடையில் முன்னணிக்குப் போனார், சில வாரங்களிலேயே ஜூலை இறுதியில் குண்டுச் சிதறல்களால் காயம்பட்டு மருத்துவமனைக்கு வந்துவிட்டார். ‘இருந்தவர்’ எழுதியதற்கும் ‘இராதவர்’ எழுதியதற்கும் நடுவே நாம் போடும் கோடு அவ்வளவு தடிமனானது அல்ல என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

நாவல் தொடங்குவது சாப்பாட்டில். 150 பேருக்குச் சமைத்துவைத்திருக்கிறார் சமையல்காரர். முன்னணியிலிருந்து திரும்பியவர்கள் 80 பேர். செத்தவர்களின் பங்கும் நமக்கே என்று உயிரோடிருப்பவர்கள் மகிழ்கிறார்கள். அந்த மகிழ்ச்சிக்கு ரெமார்க் மன்னிப்புக் கேட்பதில்லை, விளக்கமும் சொல்வதில்லை. கால் வெட்டப்பட்டுச் சாகக் கிடக்கும் கெம்மரிச்சின் பூட்ஸ்மேல் நண்பன் கண்வைப்பதும் இந்த ரகம்தான்: கெம்மரிச்சுக்கு அது பயன்படுமானால் அந்த நண்பனே முள்வேலியில் வெறுங்காலோடு நடந்து அதைக் காப்பாற்றுவான்; பயன்படாது என்று தெரிந்தபிறகு நல்ல பூட்ஸை விட முடியாது.

ஆனால் இந்த நாவலில் நான் திரும்பத் திரும்பப் போகும் இடம் விடுப்புப் பகுதி. நாவலின் நாயகன் பால் பாய்மர் வீட்டுக்கு வருகிறான். அப்பா போர்க் கதைகள் கேட்கிறார். ஊர்ப் பெரியவர்கள் பீர் மேசையில் அமர்ந்து, பாரிஸை நோக்கி எப்படி முன்னேற வேண்டும் என்று அவனுக்கே பாடம் எடுக்கிறார்கள். தன் பழைய அறையில் புத்தகங்களைக் கையில் எடுத்துப் பார்க்கிறான்; ஒன்றும் பேச மாட்டேன் என்கின்றன. நோய்ப்படுக்கையில் இருக்கும் அம்மா அங்கே ரொம்ப மோசமா என்று கேட்க, அப்படியெல்லாம் இல்லை என்கிறான். கெம்மரிச்சின் தாய் விடுவதாக இல்லை. வலியில்லாமல் உடனே செத்தான் என்று சத்தியம் செய்யச் சொல்கிறாள், செய்துவிடுகிறான். ரஸ்தோவின் பொய் தன்னைப் பெரிதாக்க. பாலின் பொய் மற்றவர்களைக் காப்பாற்ற. இரண்டுக்கும் விளைவு ஒன்று: சொன்னவன் தன் வீட்டிலேயே அந்நியனாகிறான்.

இவ்வளவு சொல்லிவிட்டும் முதலில் இதை எடுங்கள் என்று சொல்லத் தயங்குகிறேன். பால் மிக நல்லவன். குண்டு விழுந்த குழியில் ஒரு பிரெஞ்சு வீரனைக் குத்திவிட்டு, அவன் சாகும்வரை பல மணிநேரம் அவனோடு கிடந்து, அவனிடம் மன்னிப்புக் கேட்கிறான். தனியாகப் பார்த்தால் மறக்க முடியாத காட்சி. ஆனால் சண்டையில் வரும் கிளர்ச்சி, கொல்வதில் ஒருகணம் எழும் உற்சாகம் ஆகியவற்றையெல்லாம் ரெமார்க் கூட்டத்தின் தலையில் ஏற்றிவிடுகிறார். மிருகமாகிறோம் என்று ‘நாம்’ கணக்கில் எழுதுகிறார். ‘நான்’ என்று வரும்போது பால் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவன்தான். ஒரு தலைமுறையின் வழக்கை வாதாட வந்த நாவல், தன் சாட்சிமேல் கறைபடாமல் பார்த்துக்கொள்கிறது. முதலில் இதைப் படித்துவிட்டவர்கள் பிறகு எந்தப் போர் நாவலைப் படித்தாலும் இதே துயரத்தைத்தான் அங்கே தேடுகிறார்கள்.

அந்தக் கறையைத் துணிந்து தொட்டவர் டால்ஸ்டாய். 1812இல் ஆஸ்த்ரோவ்னா அருகே அதே ரஸ்தோவ், இப்போது அனுபவமுள்ள அதிகாரி, மேலே அனுமதி கேட்காமல் தன் படைப்பிரிவோடு பாய்கிறான். ஓநாயை மறிக்கக் குதிரையை விரட்டும் வேட்டைக்காரனின் அதே உணர்வு. உற்சாகத்தை டால்ஸ்டாய் ஒளிக்கவில்லை. ஒரு பிரெஞ்சு அதிகாரியை எட்டி வாளை வீசுகிறான். வெட்டியது லேசாகத்தான், அந்த ஆள் விழுந்தது பாதி பயத்தால். அந்த முகத்தில் மோவாயில் ஒரு குழி, வெளிர்நீலக் கண்கள், எதிரியின் முகம் என்று சொல்ல எதுவுமில்லாத, வீட்டு முற்றத்தில் பார்க்கக்கூடிய முகம். வீசிய அந்தக் கணமே உற்சாகம் வடிந்துவிடுகிறது. இதற்குப் பதக்கம் கிடைக்கிறது. ரஸ்தோவுக்கோ எதுவோ உறுத்திக்கொண்டே இருக்கிறது. எது உறுத்துகிறது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. நண்பர்களிடம் பொய்க்கதை சொன்ன அதே இளைஞன், உண்மையிலேயே கதையில் வருவதுபோல ஒன்றைச் செய்துமுடித்தபிறகு வாயடைத்துப்போகிறான். ஏழாண்டு இடைவெளியில் இந்த இரண்டு காட்சிகளையும் ஒரே ஆளுக்கு வைக்க ஒரு பெரிய நாவலால்தான் முடியும். மெலிந்த புத்தகங்களின் கைக்கு இது எட்டாது.

துஷின் என்ற பீரங்கிப்படைக் கேப்டனையும் சொல்லாமல் போக முடியாது. காப்புப்படை இல்லாமல் மறந்துவிடப்பட்ட இடத்தில் நின்று சுடுகிறார். எதிரியின் பீரங்கிகள் அவருக்கு யாரோ புகைக்கும் சுங்கான்களாகத் தெரிகின்றன. தன் பழைய பீரங்கிக்கு ஒரு கிழவிப் பெயர் வைத்துக் கொஞ்சுகிறார். அச்சத்தைத் தாண்டிய ஒருவித ஜுரக் களிப்பு அது. சண்டை முடிந்ததும், பீரங்கிகளை ஏன் விட்டுவந்தாய் என்று தளபதி அதட்டுகிறார். பாதுகாப்புக்கு ஆள் இல்லை என்ற ஒரு வாக்கியம் போதும். வேறு யாரோ ஓர் அதிகாரிக்கு வம்பாகிவிடுமே என்று அதைக்கூடச் சொல்லாமல் விழிக்கிறார். குண்டுக்கு அஞ்சாதவர் மேலதிகாரிக்கு அஞ்சும் இந்த வேடிக்கையை, கிரிமியப் போரின்போது 1854–55இல் செவஸ்தபோலில் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்த டால்ஸ்டாய் நேரில் பார்க்காமல் எழுதியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். தான் பிறப்பதற்கு முன் நடந்த போருக்குள் தன் போரை அவர் கொண்டுபோய் வைத்தார்.

நீளம்தான் சிக்கல். 1200 பக்கங்களைத் தாண்டும், பாதி விருந்தும் திருமணமும். சிப்பாயின் மனம் மட்டுமே வேண்டும் என்பவர் முதல் தொகுதியின் இரண்டாம் பகுதி, மூன்றாம் தொகுதியின் முதல் இரண்டு பகுதிகள் என்று எடுத்துப் படிக்கலாம். இலக்கியப் பக்தர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். டி. எஸ். சொக்கலிங்கத்தின் தமிழாக்கம் இருப்பது பெரிய வசதி.

மைக்கேல் ஷாராவின் ‘தி கில்லர் ஏஞ்சல்ஸ்’ (1974) அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டையின் நாவல். 1975இல் புலிட்சர் பரிசு பெற்றது. விறுவிறுப்பு குறையாது, வரைபடமும் உண்டு, ஆனால் இது தளபதிகளின் மனம். சிப்பாயைத் தேடிவந்தவருக்கு இரண்டு இடங்கள் மட்டும். லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில் அணியில் ஒரு ஓட்டை விழும்போது, கர்னல் சேம்பர்லேன் யோசிக்காமல் அங்கே நிற்கச் சொல்லி அனுப்புவது தன் சொந்தத் தம்பியை; என்ன செய்தோம் என்று அவருக்குப் பிறகுதான் உறைக்கிறது. 1863 ஜூலை 3 அன்று, முன்னேறலாமா என்று தளபதி பிக்கெட் கேட்க, இது தோற்கும் என்று தெரிந்த அவரது மேல்தளபதி லாங்ஸ்ட்ரீட்டுக்கு வாய் எழவில்லை. தலையை மட்டும் அசைக்கிறார். கட்டளையிடுகிறவனுக்கும் சொல்ல முடியாமல் போகும் என்பது இதில் தெரிகிறது. அதற்குமேல் இந்தத் தேவைக்கு இந்த நூல் தாங்காது.

கடைசியாக, போர்க்களமே ஏறக்குறைய வராத போர் நாவல். பாட் பார்க்கரின் ‘ரீஜெனரேஷன்’ 1991இல் வந்தது. முத்தொகுதியின் முதல் நூல், மூன்றாவதுக்கு 1995இல் புக்கர் பரிசு. களம், எடின்பரோவில் இருந்த க்ரெய்க்லாக்கார்ட் ராணுவ மருத்துவமனை, ஆண்டு 1917. போரில் மனம் உடைந்த அதிகாரிகளை அங்கே வைத்துச் சரிசெய்து மறுபடி போருக்கு அனுப்புகிறார்கள். சரிசெய்கிறவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், வரலாற்றில் இருந்த மருத்துவர். நம் நீலகிரிக்கு இவர் புதியவர் அல்லர்: 1901–02இல் தோடர்களிடையே தங்கி ஆராய்ந்து 1906இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்ட மானிடவியலாளர் இதே ரிவர்ஸ்தான். மந்துகள் எனப்படும் தோடர் குடியிருப்புகளில் அமர்ந்து பொறுமையாகக் கேட்டுப் பழகிய காது, பதினைந்து ஆண்டுகள் கழித்து உறக்கமிழந்த அதிகாரிகளைக் கேட்கிறது.

மற்ற நாவல்களில் சிப்பாய் மாற்றிச் சொல்கிறான். இங்கே அவனால் சொல்லவே முடியவில்லை. பில்லி பிரையர் பேச்சிழந்து வருகிறான், தாளில் எழுதித்தான் பதில் சொல்கிறான். பேச்சு திரும்பினாலும் ஒரு நாளின் நினைவு திரும்பவில்லை. அறிதுயிலில் (ஹிப்னாசிஸ்) அது மீளும்போது வருவது, குண்டு விழுந்த அகழியைச் சுத்தம் செய்கையில் செத்த தோழனின் கண் ஒன்று தன் உள்ளங்கையில் இருந்த கணம். பிரையருக்கு அப்போதும் கோபம்தான்: இவ்வளவுதானா, நான் யாரையோ கொன்றுவிட்டேன் என்றல்லவா பயந்துகொண்டிருந்தேன் என்று. இதே பிரையர்தான், அகழியைவிட்டு ஏறி எதிரியை நோக்கி நடக்கும்போது எப்படி இருந்தது என்ற கேள்விக்கு, புதர் மறைவிலிருந்து பாய்ந்து பெண்கள்முன் ஆடை அவிழ்க்கும் ஆட்களைப் போல என்று பதில் தருகிறான். ரெமார்க் ‘நாம்’ என்று மூடிவைத்ததை ‘நான்’ என்று ஒருவன் ஒப்புக்கொள்ளும் இடம்.

மனம் உடைவது கோரத்தைப் பார்ப்பதால் என்றுதான் நாம் நினைக்கிறோம். நாவலின் ரிவர்ஸ் வேறொன்றைக் கவனிக்கிறார்: விமானிகளைவிட, கண்காணிப்புப் பலூன்களில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள்தான் அதிகம் உடைந்தார்கள். திருப்பி அடிக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதே நொறுக்குகிறது. பேச்சிழப்பது சாதாரணச் சிப்பாய்களிடமும் திக்குவது அதிகாரிகளிடமும் அதிகம் என்பதையும் அவர் பார்க்கிறார். எதிர்த்துப் பேசினால் தண்டனை என்ற நிலையில் இருப்பவனுக்கு நாக்கே நின்றுபோகிறது.

பர்ன்ஸ் என்ற பாத்திரம் வெடிப்பில் தூக்கியெறியப்பட்டு, ஊதிப்போன பிணத்தின் வயிற்றில் முகம் புதைய விழுந்தவன். அதன்பின் அவனால் சாப்பிட முடியவில்லை. இது கற்பனை அல்ல; 1918 தொடக்கத்தில் லான்செட் மருத்துவ இதழில் வந்த ரிவர்ஸின் கட்டுரையில் உள்ள ஒரு நோயாளியின் கதை. கசப்பான நினைவை அடக்காதே, அதைப் பேசு, அதில் தாங்கிக்கொள்ளத்தக்க ஏதாவது இருக்கும் என்பது ரிவர்ஸின் முறை. இந்த ஒருவனுக்கு மட்டும் அப்படி எதையும் அவரால் கண்டெடுக்க முடியவில்லை. தன் முறை தோற்ற இடத்தையும் மருத்துவரே எழுதிவைத்தார், பார்க்கர் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்.

இந்த நாவல்மேல் எனக்குள்ள சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். க்ரெய்க்லாக்கார்ட் அதிகாரிகளுக்கான மருத்துவமனை. சாதாரணச் சிப்பாய், மின்சாரம் பாய்ச்சிப் பேசவைக்கும் லண்டன் மருத்துவர் ஒருவரின் அறையில் சில பக்கங்கள் மட்டுமே வருகிறான். ஆண் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் வர்க்கத்தையும் பற்றிய சில உரையாடல்களில் 1917ஐவிட 1991 உரக்கக் கேட்கிறது. ஆனாலும் கவிஞர் சிக்ஃப்ரீட் சசூன் போரை எதிர்த்து வெளிப்படையாக அறிக்கை விட்டுவிட்டு, தன் ஆட்கள் அங்கே கிடக்கிறார்களே என்பதற்காகவே திரும்பிப்போக முடிவெடுப்பது இந்தப் பக்கங்களில் எவ்வளவு இயல்பாக நடக்கிறது என்று பார்க்க வேண்டும். எதிர்ப்பும் திரும்புதலும் ஒரே மனத்துக்குள் இருக்க முடியும் என்பதை வேறெந்த நாவலும் எனக்கு இவ்வளவு நம்பும்படி காட்டவில்லை.

ஆகவே ஒன்றே ஒன்று என்றால், ஆங்கிலத்தில் தயங்காமல் படிப்பவருக்கு நான் ‘ரீஜெனரேஷன்’ தருவேன். வீட்டில் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் யாராவது இருந்து, அவர் எதையும் பேசுவதில்லை என்று குறைப்பட்டுக்கொள்பவருக்கு இன்னும் அழுத்தமாகவே இதைச் சொல்வேன். தமிழில் மட்டும் படிப்பவருக்கு ‘போரும் வாழ்வும்’, மேலே சொன்ன பகுதிகளிலிருந்து, பிடித்துப்போனால் முழுவதும். வரலாற்று நாவல் எழுதும் எண்ணத்தில் இருப்பவர், களத்தைப் பார்க்காத நாம் எழுதலாமா என்ற தயக்கம் இருந்தால், கிரேனில் தொடங்கட்டும். கல்லூரி வாசகர் வட்டத்துக்கும் கிரேன்தான் தோது. ஒரு வாரத்தில் முடியும், ஹென்றி கோழையா என்று ஒரு மாலை முழுவதும் சண்டைபோடலாம். ரெமார்க்கை இரண்டாவதாக வையுங்கள், எதை முதலாவதாக எடுத்திருந்தாலும். ஷாராவை, கெட்டிஸ்பர்க்கில் என்ன நடந்தது என்று அறியும் ஆவல் வந்த பிறகு எடுத்தால் போதும்.